மக்கா வீட்டுக்கு ஜொஹறா டீச்சர் வைத்த கதவு

"டீச்சர், மக்காவ விட்டுப் போன ஆக்கள் வூட்டுக் கதவப் பூட்டிட்டா போன?"

கேட்டவள் றுமானா. எட்டு வயது. தண்ணீரூற்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் அஹதியா மார்க்க வகுப்பில், மின்விசிறி சுற்றாத ஒரு காலை அது. கடைசி வாங்குப் பலகையில் இருந்த, இதை எழுதுபவருக்கும் அன்று பதில் தெரியவில்லை. பாடம் நடத்திய ஜொஹறா டீச்சருக்கும் தெரியவில்லை. அவர் புத்தகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாத்துச் சொல்றன் புள்ள" என்றார்.

புத்தகத்தில் அது இருக்கவில்லை. 'இல்லங்களைத் துறந்தேகினர்' என்று மட்டும் இருந்தது. துறந்தேகினர் என்றால் என்ன என்று பிள்ளைகள் விழித்ததால்தான் டீச்சர் "விட்டுட்டுப் போன" என்று சொன்னார். சொன்ன உடனேயே கேள்வி வந்துவிட்டது. அதுவரை எத்தனையோ வருடமாக அந்தப் பாடம் ஒரு கேள்வியும் இல்லாமல் நடந்து முடிந்திருந்தது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஜொஹறாவுக்கு அதே யோசனைதான். நபி (ஸல்) அவர்களின் தோழர்களான ஸஹாபாக்களைப் பற்றிய புத்தகங்கள் அலுமாரி நிறைய இருந்தன. எல்லாம் பெரிய மார்க்க அறிஞர்கள் எழுதியவை. ஒரு வரியில் பாதி அரபு, மீதி மேடைத் தமிழ். பிள்ளைகள் பெயர்களை மனப்பாடம் செய்தார்கள், சோதனையில் புள்ளி எடுத்தார்கள், ஆனால் அந்த மனிதர்களுக்கும் பசித்தது, கால் நொந்தது, வீடு இருந்தது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தானே எழுதினால் என்ன என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்தார். இருபது தோழர்களின் வாழ்க்கை. ஆளுக்கு இரண்டு பக்கம். முஹர்ரம் புத்தாண்டு பிறக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு சின்னப் புத்தகம்.

ஜொஹறா படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, பகலில் எழுதுவார். ஒற்றை றூல் கொப்பியில், நீலப் பேனையால், எழுத்துகளை வலப்பக்கம் சரித்து எழுதுவார். அந்த எழுத்தை இந்த ஊரில் ஒருவரால்தான் தடையில்லாமல் வாசிக்க முடியும். முள்ளியவளைச் சந்திக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் ஜெயரூபி.

இருவரும் ஒரே வகுப்பு. ஒரே வாங்கு. ஜெயரூபியின் வீடு அடுத்த ஒழுங்கையில், ஒரு சந்து தள்ளி. நோன்பு மாதத்தில் பின்னேரமானால் ஜெயரூபி ஒரு தூக்குச் சட்டியோடு வந்து நிற்பாள், கஞ்சிக்கு. "எனக்கும் நோன்பு, மத்தியானம் ஒரு பிடி சோறுதான் திண்டனான்" என்பாள். தைப்பொங்கலுக்கு ஜொஹறா அவர்கள் வீட்டில் நின்று கரும்பு கடிப்பாள். ஒரே சைக்கிளில் இருவரும் ஏறி, முன்னுக்கு இருந்தவள் மிதிக்க, பின்னுக்கு இருந்தவள் சமூகக்கல்வி வாசிக்க, அப்படியே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த நாட்கள் உண்டு.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று, வடக்கைக் கையில் வைத்திருந்த தமிழ் ஆயுத இயக்கம் அறிவித்தது. ஜொஹறாவுக்குப் பதினான்கு வயது. கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு வவுனியாப் பக்கம் நடந்தார்கள். பிறகு புத்தளம். உப்பளத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டில். அங்கேயே வளர்ந்து, கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, கணவரைச் சாகக் கொடுத்து, சண்டை ஓய்ந்து மூன்று வருடத்துக்குப் பிறகுதான் திரும்பி வந்தார். வாப்பாவின் காணியில் வீட்டின் அத்திவாரம் மட்டும் கிடந்தது. அதன் மேல் நாயுண்ணிப் பற்றை வளர்ந்திருந்தது.

காணி உறுதிப் பத்திரத்தைப் பிரதி எடுக்கப் போன இடத்தில், கடைக்காரி தாளை வாங்கிப் பெயரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எடியே, உவைஸ் மகளோ நீ?"

"ரூபி! நீயா புள்ள இது?"

"உனக்கு என்னடி இது, புத்தளத்துப் பேச்சு வந்திட்டு!"

"உனக்கு மட்டும் என்ன, பல்லு ரெண்டக் காணோம்!"

அன்று கடையைப் பூட்டிவிட்டு இருவரும் பிளேன்ரீ குடித்தார்கள். எதைப் பற்றியும் பெரிதாகக் கதைக்கவில்லை. பழைய கணக்கு வாத்தியார், மணியடிக்கும் தண்டவாளத் துண்டு, காலில் செருப்பில்லாமல் ஓடிய ஓட்டப்போட்டி. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்பக் கிடைத்த ஒரே ஆள் என்று ஜொஹறா அன்றிரவு தன் பிள்ளைகளிடம் சொன்னார். பள்ளிக்கூடம் இடிந்து வேறு கட்டடம் வந்திருந்தது, ஒழுங்கைகள் திசை மாறியிருந்தன, அயலில் இருந்தவர்கள் பாதிப்பேர் இல்லை. ரூபி இருந்தார்.

ஆகவே கொப்பி ரூபியிடம்தான் போனது. ஜெயரூபிக்கு ஒரு பழக்கம். சத்தமாக வாசித்துக்கொண்டுதான் தட்டச்சு அடிப்பார். விளங்காத இடம் வந்தால் விரல் நின்றுவிடும்.

"'ஸப்ரோடு இருந்தார்.' ஆரோட இருந்தவர்?"

"ஸப்ர் ஆள் இல்ல. பொறும."

"பொறுமையாய் இருந்தார் எண்டு எழுதன். நான் அந்த ஆள் அடுத்த பக்கத்திலயும் வருவார் எண்டெல்லோ பாத்துக்கொண்டிருந்தனான்."

இப்படித்தான் அந்தப் புத்தகம் தெளிந்தது. ஜெயரூபி சைவ சமயம். காட்டுவிநாயகரைக் கும்பிடாமல் கடை திறக்க மாட்டார். அவருக்கு விளங்கினால் பிள்ளைகளுக்கும் விளங்கும் என்று ஜொஹறா கண்டுகொண்டார். பிலால் (ரழி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த பக்கத்தை அடித்து முடித்ததும் ஜெயரூபி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கதீஜா (ரழி) அவர்களின் பக்கத்தில், "இந்த மனுசி ஒரு ஆம்பிளையையும் பாத்துக்கொண்டு இருக்கேல்ல, தானே யாவாரம் செய்திருக்கிறா பார்" என்று மேசையில் தட்டினார்.

"இந்த ரழி எத்தினை தரமடி அடிக்கிறது? விரல் நோகுது."

"ஒவ்வொரு தரமும்."

"ஒரு தரம் அடிச்சா காணாதோ? அவைக்குத் தெரியும்தானே நாங்கள் மரியாதையாத்தான் எழுதுறம் எண்டு."

"அது துஆ ரூபி. அல்லாஹ் அவங்களப் பொருந்திக்கொள்ளட்டும் எண்டு கேக்கிற. ஒரு தரம் கேட்டுட்டு விட ஏலுமா?"

ஜெயரூபி யோசித்துவிட்டு, ஒரே ஒரு விசையை அழுத்தினால் அது முழுதாக விழுகிற மாதிரிக் கணினியில் வழி செய்துவிட்டார். அதன் பிறகு முறைப்பாடு இல்லை.

பதினெட்டுத் தோழர்கள் முடிந்தார்கள். பத்தொன்பதாவது அப்துல்லாஹ் இப்னு ஜஹ்ஷ் (ரழி). றுமானாவின் கேள்விக்கான பதிலைத் தேடிப் புரட்டிய இடத்தில்தான் ஜொஹறாவுக்கு அவர் கிடைத்தார். பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருந்தார்கள்: ஜஹ்ஷ் குடும்பம் முழுவதும் மக்காவை விட்டுப் போய்விட்டது, வீட்டைச் சாத்திவிட்டுப் போனார்கள், பிறகு கதவுகள் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தன. அவ்வழியே வந்த உத்பா என்ற மக்காப் பெரிய மனிதர், அவர் முஸ்லிம் அல்ல, அந்த வெறும் வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பின்னர் அபூஸுஃப்யான் அந்த வீட்டை விற்றுவிட்டார்.

படித்ததும் ஜொஹறா கொப்பியைத் திறந்தார். அன்றைக்குப் பேனை தானாக ஓடியது. பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமே என்று, அந்த மக்கா வீட்டுக்கு அவர் ஒரு கதவு வைத்தார். மேல் பாதி வேறாக, கீழ் பாதி வேறாகத் திறக்கும் கதவு. ஆடு உள்ளே வராமல் கீழ்ப் பாதியைச் சாத்தி, மேல் பாதியால் தெருவைப் பார்ப்பார்கள். நீல நிறம், விளிம்பில் சிவப்புக் கோடு. வீட்டுக்காரர்கள் போன பிறகு என்ன நடந்திருக்கும்? இந்த வன்னிப் பக்கத்தில் ஆளில்லாத வீட்டுக்கு என்ன நடக்குமோ அதுதான். ஜொஹறா எழுதினார்: 'அயலில் இருந்தவர்கள் வந்து கதவையும் நிலையையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.'

அடுத்த நாள் ஜெயரூபி வழமைபோல வாசித்துக்கொண்டே அடித்தார். மேல் பாதி, கீழ் பாதி என்ற இடத்தில் குரல் மெலிந்தது. நீல நிறம் என்ற இடத்தில் வாசிப்பது நின்றது. கண் மட்டும் பக்கத்தின் கடைசிவரை போனது. பிறகு கொப்பியை மூடி ஜொஹறாவின் பக்கம் தள்ளினார்.

"இதை வேற கடையில குடு."

"ஏன் ரூபி? விளங்கேல்லயா?"

"நல்லா விளங்குது. நான் அடிக்கமாட்டன்."

"என்ன பிழ எண்டு சொல்லேன்."

"போ ஜொஹறா. ஆக்கள் வந்து நிக்கினம்."

கடையில் ஒருவரும் இல்லை.

ஜொஹறா வீட்டுக்கு வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் முகம் திருப்புவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் ரூபியா? அந்த ஒருவரையும் இழந்துவிட்டால் இந்த ஊருக்கு எதற்காகத் திரும்பி வந்தோம் என்றிருந்தது. மூன்று நாள் அவர் சந்திப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள், பள்ளிவாசல் நிர்வாகத்தின் செயலாளர் ஜவாஹிர், பார்க்கக் கொடுத்திருந்த கொப்பியோடு வந்தார். புத்தகமாகப் போடுவதற்கு முன் அவர் ஒரு தடவை பார்ப்பது என்று பேச்சு.

"எல்லாம் நல்லாயிருக்கு தங்கச்சி. என்ட பேரப்புள்ளைக்கு வாசிச்சுக் காட்டின, வாயப் பொளந்துகொண்டு கேட்டான். இதில ஒண்டுதான் இடிக்குது. இந்த நீலக் கதவுக்கு ஆதாரம் எங்க?"

"புள்ளையளுக்கு விளங்கட்டும் எண்டுதான் எழுதின, ஜவாஹிர் நானா."

"விளங்கப்படுத்திற வேற, சேக்கிற வேற. ஸஹாபாக்கள்ட வாழ்க்கையில நாம ஒரு கதவும் வைக்க ஏலா." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அதுவும் உங்கட வாப்பாட கதவ! உவைஸ் காக்கா வள்ளத்துக்கு அடிச்ச மிச்சப் பெயின்ற அடிச்சிட்டு, ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிஞ்ச கதவெல்லோ அது. தண்ணீரூற்றில எவன் வாசிச்சாலும் உங்கட வூடெண்டுதான் நினைப்பான்."

ஜொஹறாவுக்கு அப்போதுதான் நெஞ்சில் தட்டியது. யார் வாசித்தாலும் தங்கள் வீடென்று நினைப்பார்கள். அப்படியானால் கதவைக் கழற்றிய அயலவர் யார் என்று நினைப்பார்கள்? அடுத்த ஒழுங்கையில் இருந்தது யார்? தான் ஒன்றையும் மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் ரூபி வாசித்தது வேறு.

ஜவாஹிர் வேலிப் படலையைத் தாண்டுவதற்குள் ஜொஹறா சைக்கிளை எடுத்துவிட்டார்.

ஜெயரூபி கடைக்குப் பின்னால் இருந்த குசினியில் மரவள்ளி வெட்டிக்கொண்டிருந்தார். ஜொஹறா வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கினார்.

"ரூபி, அல்லாஹ் மேல ஆணயா நான் உங்களச் சொல்லேல்ல. எங்கட கதவு எனக்கு ஆசையா இருந்திச்சு, அதான் எழுதின. கழட்டின கதை சும்மா வந்தது. எல்லா வூட்டிலயும் நடந்ததுதானே எண்டு..."

"கழட்டினது எங்கட ஐயாதான்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜெயரூபி கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நீ வந்த நாள் தொட்டுச் சொல்லவேணும் எண்டுதான் இருந்தனான். பத்துப் பன்னிரண்டு வருசமாச் சொல்லேல்ல. உன்ரை கொப்பியில கண்டவுடன, இவளுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் என்னட்டையே அடிக்கத் தந்திருக்கிறாள் எண்டு நினைச்சிட்டன்."

பிறகு சொன்னார். உவைஸ் வீடு தொண்ணூறிலிருந்து பூட்டாமல் சாத்தியபடியே கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த இரண்டு குடும்பங்கள் கொஞ்ச நாள் இருந்தன. பிறகு கூரை போனது. கதவு மட்டும் நின்றது. இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் சண்டை நெருங்கி முள்ளியவளை முழுக்க வெளிக்கிட்டபோது, எல்லோரும் செய்தது போல ரூபியின் தகப்பன் ஐயாத்துரையும் வீட்டைக் கழற்றினார். தகரம், நிலை, கதவு, தண்ணீர் வாளி எல்லாம் உழவு இயந்திரத்தின் பின் பெட்டியில். போகிற இடத்தில் கொட்டில் போட வேண்டும், பதுங்குகுழியான பங்கருக்கு மேலே மூட வேண்டும். தன்னுடைய கதவுகளை ஏற்றி முடித்தவர், அடுத்த ஒழுங்கைக்குப் போய் அந்த நீலக் கதவையும் கழற்றிக்கொண்டு வந்தார்.

"நான் கேட்டனான், அது உவைஸ் காக்காவின்ரை எல்லோ எண்டு. 'ஷெல்லில எரியப்போறது, நாங்கள் கொண்டு போனால் திரும்பக் கொண்டந்து வைக்கலாம்' எண்டார். அவர் அப்பிடித்தான் நம்பினவர். புதுக்குடியிருப்பில அதைப் பங்கருக்கு மேலை போட்டம். அதுக்கு மேலை சீலையில தைச்ச மண்மூட்டை. பிறகு மாத்தளனுக்கும் இழுத்துக்கொண்டு போனம். அங்கயிருந்து ஓடேக்கை விட்டிட்டம். முகாமில ஐயா சாகக் கிடக்கேக்கையும் கேட்டவர், 'உவைஸின்ரை கதவை ஆர் எடுத்தது?' எண்டு."

ஜொஹறா அப்படியே படியில் இருந்தார். கோபம் வந்ததா என்று பின்னொரு நாள் கேட்டபோது, வந்தது என்றுதான் சொன்னார். வெறும் அத்திவாரத்தைக் கண்டபோது, சண்டையில் எல்லாம் போய்விட்டது, கை நீட்டிக் காட்ட ஒருவரும் இல்லை என்று மனதை ஆற்றியிருந்தார். இப்போது அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அதுவும் தனக்குக் கரும்பு வெட்டித் தந்த மனிதரின் பெயர்.

பிறகு அவர் கேட்டார்.

"பங்கருக்குள்ள எத்தின பேர்?"

"ஏழு. என்ரை மூத்தவனுக்கு அப்ப ஆறு வயது."

"ரெண்டு பாதியும் போட்டதோ?"

"ஓம், ரெண்டையும் சேத்துத்தான்."

"அது ஒரு நாளும் சேராதே! நடுவில நாலு விரல் நீக்கல் இருக்கும். வாப்பா அதுக்காகத் தச்சரோட ஒரு வருசம் கதைக்கேல்ல."

"அதாலதானே மண் கொட்டினது!" என்று ஜெயரூபி கத்தினார். "எங்கட தலையெல்லாம் மண். ஐயா உன்ரை வாப்பாவைத் திட்டினார், 'இந்த மனுசன் ஒரு கதவைக்கூட நேரா அடிப்பிக்கேல்ல' எண்டு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். மரவள்ளி வெட்டினபடியே கிடந்தது.

"எங்கள வெளிக்கிடச் சொன்னது பிழ ரூபி" என்றார் ஜொஹறா. "அது எண்டைக்கும் பிழதான். நான் அதச் சொல்லாம விடமாட்டன். ஆனா கதவு வேற. ஏழு பேருக்கு மேல கிடந்திருக்கு. எங்கட வாப்பா இருந்தா, கொண்டு போ எண்டு தானே கழட்டித் தந்திருப்பார்."

ஜெயரூபி மூக்கைச் சீறிவிட்டுக் கேட்டார்: "அந்த வீட்டுக்கார மனுசன் பிறகு வீட்டைத் திருப்பிக் கேட்டவரோ? நீ வித்ததோட நிப்பாட்டிப்போட்டாய்."

அதற்குப் பிறகு நடந்ததும் வரலாற்றில் இருந்தது. ஜொஹறாதான் எழுதவில்லை. அப்துல்லாஹ் (ரழி) தங்கள் வீடு விற்கப்பட்டதை நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, அதைவிடச் சிறந்த வீட்டை அல்லாஹ் சுவர்க்கத்தில் தந்தால் உமக்குப் போதாதா என்று அவர்கள் கேட்டார்கள். போதும் என்றார் அப்துல்லாஹ் (ரழி). பிறகு உஹதுப் போரில் அவர் மார்க்கத்துக்காக உயிர் கொடுத்து ஷஹீதானார். அவருக்கு ஒரு சகோதரர், அபூ அஹ்மத் (ரழி). கண் தெரியாதவர். மக்காவின் மேட்டிலும் பள்ளத்திலும் யாரும் கைபிடிக்காமல் நடக்கக்கூடியவர். அவ்வளவுக்கு அந்த ஊர் அவர் காலுக்குத் தெரியும். வீட்டை விற்ற அபூஸுஃப்யான் வேறு யாருமல்ல, அவருடைய மனைவியின் தகப்பன். பல வருடம் கழித்து முஸ்லிம்கள் மக்காவுக்குத் திரும்பியபோது அபூ அஹ்மத் (ரழி) வீட்டைப் பற்றிக் கேட்டார். நபியவர்கள் உடனே பதில் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்காக இழந்ததைத் திரும்பக் கேட்பதை நபியவர்கள் விரும்பவில்லை என்று மக்கள் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

"இதையேன் எழுதாமல் விட்டனி?"

"எழுத வரேல்ல. அவர் கேக்கிறத விட்டுட்டார் எண்டு எழுதிற நான், மனசுக்குள்ள கேட்டுக்கொண்டெல்லோ இருந்த."

"இப்ப?"

"இப்ப வரும் போல."

இருவரும் முன்பக்கம் போய்க் கணினியைப் போட்டார்கள். ஜொஹறா சொல்லச் சொல்ல ஜெயரூபி அடித்தார். நீலக் கதவு போனது. ஆடு போனது. கழற்றிய அயலவர்கள் போனார்கள். எழுதப்பட்டிருந்தது மட்டும் நின்றது: சாத்திய வீடு, காற்றில் அடித்த கதவுகள், பெருமூச்சு விட்ட உத்பா, தடவாமல் நடந்த அபூ அஹ்மத் (ரழி). ஒரு வார்த்தைகூட அகராதி தேட வைக்கவில்லை. ஜெயரூபியின் விரல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

இருபதாவது தோழரும் முடிந்து, முஹர்ரம் முதல் வெள்ளிக்கு முன்பே புத்தகங்கள் தயாராயின. நாற்பத்தெட்டுப் பக்கம், நடுவில் இரண்டு கம்பி அடித்தது. ஜவாஹிர் தன் கையால் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஒன்றை ஜெயரூபி கேட்டு வாங்கிக்கொண்டார். பங்கருக்குள் இருந்த அந்த மூத்த மகன் இப்போது கொழும்பில் வேலை செய்கிறான். அவனுக்குத் தபாலில் அனுப்பினார். ஒரு வாரம் கழித்து அவன் தொலைபேசி எடுத்து, அம்மாவோடு அல்ல, ஜொஹறா டீச்சரோடு கதைக்க வேண்டும் என்றான். என்ன கதைத்தார்கள் என்று இருவரும் சொல்லவில்லை. அந்த வருடத்து நோன்பில் அவன் லீவு எடுத்துக்கொண்டு வந்து, ஜொஹறாவின் வீட்டு முற்றத்தில் அம்மாவோடு இருந்து கஞ்சி குடித்தான்.

நீலக் கதவின் கதை அந்தப் புத்தகத்தில் இல்லை. அது இருக்க வேண்டிய இடமும் அதுவல்ல. ஆனால் அது எங்கேயாவது இருக்க வேண்டும் என்று ஜொஹறா டீச்சரும் ஜெயரூபி அக்காவும் நினைத்தார்கள், இருவரும் இருந்து சொன்னார்கள், இங்கே எழுதப்பட்டது. வாசிக்கிற நீங்கள் இதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். ஊரை விட்டுப் போன ஒருவருக்குச் சொல்லுங்கள். போனவரின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒருவருக்கும் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் இருத்திச் சொல்லுங்கள்.